நுரை எழும்பாத ஞாயிற்றுக்கிழமைகள்

ஸ்கிம்மர் என்றால் என்னவென்று இப்போது என்னைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். முதன்முதலில் அந்த வார்த்தையைக் கேட்டபோது பாலில் ஆடை எடுக்கிற ஏதோ சாமான் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதிலும் பெரிய தப்பில்லை.

நான் பாளையங்கோட்டையில் தையல் வேலை செய்கிறவள். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம். வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி என் மெஷின் கிடக்கிறது. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் அபுதாபியில் ஒரு ஓட்டலில் இருந்தார். அந்த ஓட்டலின் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கக் கடல் தண்ணீர்த் தொட்டி. அதில் பவளமும் மீனும் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்கிற ஐந்து பேரில் இவரும் ஒருவர். விடுமுறைக்கு வரும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மீன் தொட்டி கழுவுதேன்" என்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பிறகு அந்த ஓட்டல் கை மாறியது. வாங்கியவர்கள் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காபிக் கடை வைத்தார்கள். இவர் ஊர் வந்து சேர்ந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வந்து போகிற மனுஷர், இந்தத் தடவை திரும்பிப் போகிற தேதி இல்லாமல் வந்திருந்தார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமான நாளிலிருந்து அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை; சொல்லிப் பழக்கமில்லை.

ஓட்டலில் இவருக்கு மேற்பார்வையாளராக இருந்த மலையாளி வேறொரு இடத்தில் சேர்ந்து, இவருக்கும் ஒரு விசா பிடித்து வைத்திருந்தார். வாரா வாரம் போன் வரும். வருகிறாயா, இல்லையா? இவர் பிடி கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் என்னிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். காத்திருக்கிற பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்னாலேயே அழுகிறார்கள், அவர்களுக்கு வேடிக்கை காட்ட ஏதாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தோள்பட்டையில் டேப்பைப் பிடித்தபடியே, "எங்க வீட்டுக்காரர் கடல் மீன் தொட்டி வைப்பாரு டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் கெட்டிக்காரி.

"ஓடுற தொட்டிய முதல்ல உங்க வீட்டுல பாக்கணும். சத்தம் கூடாது, நாத்தம் கூடாது. சரியா இருந்தா என் ஆஸ்பத்திரியில வைங்க. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரு கூட கேப்பாங்க" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். தொட்டி ஒழுங்காக ஓடினால் இவர் ஊரில் இருப்பார். ஓடாவிட்டால் விமானம் ஏறுவார்.

முன்னறையில் என் மெஷினுக்கு எதிரே நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்தது. அதன் கீழே அலமாரி, அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே இருந்து வழிகிற தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு வந்து சுத்தமாகி மேலே போகும். குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை இவர் வடிகட்டி, அதில் வெளிநாட்டு உப்பைக் கலந்து, ஒரு கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்து அளவு சரி பண்ணினார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "ஆத்துத் தண்ணி கெடைக்காம ஊரே அலையுது. நீங்க நல்ல தண்ணியில உப்பப் போட்டுக் கெடுக்கிய. திருச்செந்தூர்ல போயி நாலு கேன் மோந்துட்டு வந்தா என்ன?" என்று கேட்டாள். கரையோரத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கும் என்று இவர் பொறுமையாக விளக்கினார். அவள் கேட்டுவிட்டு, கோட்டி பிடித்த குடும்பம் என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

நம் கடலில் பவளத்தை எடுப்பது குற்றம். கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னபோது இவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். கடையில் ரசீதோடு வாங்கிய மெத்தென்ற வகைகள்தான் வைத்தார். விரல் நகம் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பொத்தான் தைத்தது போல ஒன்று. காளான் போல ஒன்று. கூடவே இரண்டு கோமாளி மீன்கள். பொத்தான் வகையை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. விளக்கு எரிந்தால் விரியும், அணைந்தால் சுருங்கும். நூல் கோக்கும்போதெல்லாம் கண் அங்கே போகும்.

இனி ஸ்கிம்மர். வெல்லப்பாகு காய்ச்சும்போது கொஞ்சம் பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வரும், கரண்டியால் ஒதுக்கி எடுத்துப் போடுவோம் இல்லையா, அதுதான் இதன் வேலையும். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அழுகுவதற்கு முன்னால் வெளியே எடுக்க வேண்டும். ஒரு சின்னப் பம்பு காற்றையும் உப்புத் தண்ணீரையும் சேர்த்துக் கடைந்து, பொடிப்பொடிக் குமிழிகளாக ஒரு தடித்த குழாய்க்குள் விடும். கழிவு அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு, நுரையாகக் கழுத்து வழியே ஏறி, மேலே இருக்கிற கோப்பையில் விழும். காலையில் கோப்பையைக் கழற்றினால் டிகாஷன் நிறத்தில் ஒரு தண்ணீர் நிற்கும். அதன் நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. அவ்வளவும் தொட்டிக்குள் இருந்திருந்தால் மீன் என்ன ஆகும், பவளம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சாமானின் அருமை தெரியும்.

முதல் ஸ்கிம்மர் தொட்டியோடு சேர்ந்து வந்தது, யாரோ உபயோகித்தது. தொட்டியின் முதுகில் மாட்டித் தொங்க விடுகிற ரகம். அது போட்ட சத்தத்தில் என் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் நுரை வந்தது. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றதும், மீன்கள் தெம்பாகத் தெரியட்டும் என்று இவர் சனிக்கிழமையே கூடுதலாக ஒரு வேளை தீனி போட்டார். அந்தச் சனிக்கிழமை பார்த்து ஸ்கிம்மர் படுத்துவிட்டது. பம்பு ஓடுகிறது, குமிழி ஓடுகிறது, நுரை மட்டும் ஏறவில்லை. ஞாயிறு காலையில் தண்ணீர் கழுநீர் போலக் கலங்கி இருந்தது. டாக்டரம்மா உள்ளே வந்து மூச்சை இழுத்ததும் மூக்கு சுருங்கியதை நான் பார்த்தேன். நல்ல மனுஷி, முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. "ஒண்ணரை மாசம் போகட்டும், இன்னொரு ஞாயித்துக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"பழைய சாமான்லா. அதான்" என்றார் இவர்.

தூத்துக்குடியில் கடல் மீன் சாமான்கள் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். இவர் போனில் கேட்டார். தொட்டி எத்தனை லிட்டர் என்று அண்ணாச்சி கேட்டுவிட்டு, "எதுக்கும் ஒரு அளவு பெரிசா எடுத்துருங்க வே. பெரிசா எடுத்தா ஒரு தொல்லையும் இல்ல" என்றார். மறுநாள் மதியமே பஸ்ஸில் பெட்டி வந்தது. இந்த முறை கீழ் அலமாரிக்குள் நிறுத்துகிற ரகம். இவர் பெட்டியைப் பிரித்து உள்ளே வைக்கப் பார்த்தார். கோப்பை அலமாரியின் மேல் பலகையில் இடித்தது.

எனக்கு வந்ததே கோபம். "ஆளுக்கு அளவெடுக்காம துணிய வெட்டுவாவளா? பதினோரு வருஷம் அங்கன என்னத்தப் படிச்சிய?"

டேப்பை எடுத்துக்கொண்டு நானே குனிந்து அளந்தேன். உயரம் மட்டும் போதாது. கோப்பையை மேலே தூக்கிக் கழற்றுவதற்கும் மூன்று விரற்கடை இடம் வேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் இவர் ஸ்கிம்மரைச் சாய்த்து, கோப்பையைக் கோணலாகக் கழற்றி, ஒவ்வொரு காலையிலும் அந்த நாற்றத் தண்ணீரில் கொஞ்சத்தைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். புதன், வியாழன், வெள்ளி நுரை கெட்டியாக ஏறும். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் பொத்தென்று இறங்கிவிடும். திங்கள், சில சமயம் செவ்வாய் வரைக்கும் அப்படியே கிடக்கும்.

அண்ணாச்சி போனில் யோசித்துவிட்டு, "பெரிய ஸ்கிம்மருக்கு உங்க தொட்டியில அழுக்கு பத்தல வே" என்றார்.

"அழுக்கு பத்தலன்னு ஒருத்தரு குறை சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றேன் நான், போனுக்குக் கேட்கிற மாதிரி.

ஆனால் அதில் விஷயம் இருக்கிறது என்று இவர் சொன்னார். குழாய் அகலமாக இருந்து கழிவு குறைவாக இருந்தால் நுரை நிற்காது, பாதியிலேயே உடைந்துவிடும். தொட்டிக்குத் தக்கபடி இருக்க வேண்டும். சட்டையும் அப்படித்தான். அதனால் மூன்றாவது ஸ்கிம்மரை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. அலமாரியின் உயரம், கோப்பை கழற்ற இடம், அடிப்பாகத்தின் அகலம், கீழ்த் தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டம், எல்லாவற்றையும் என் அளவு நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவர் பெரியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடுத்தரமான ஒன்றை அனுப்பினார். கச்சிதமாக உட்கார்ந்தது. சத்தமே இல்லை, காது கொடுத்துக் கேட்டால் மட்டும் தூரத்தில் சாரல் பெய்கிறது போல ஒரு ஓசை. புதுசு ஒரு வாரம் பழக வேண்டும் என்றார் இவர். பழகியது. நுரை கழுத்தைத் தொட்டது. எங்கள் இருவருக்கும் முகத்தில் ஒரு களை வந்தது.

அதுவும் சனிக்கிழமை படுத்துவிட்டது.

நான் அன்று அண்ணாச்சிக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் கூசுகிறது. வெளங்காத சாமானை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள், ஒரு குடும்பமே இதை நம்பி இருக்கிறது என்றெல்லாம் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "யம்மா, ஒவ்வொண்ணையும் கடல் தண்ணியில ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புதேன். உங்க வீட்டுல என்னமோ இருக்கு. பைய யோசிச்சுப் பாருங்க" என்றார். அவர் சொன்னதுதான் கடைசியில் உண்மை ஆனது. பிற்பாடு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

உங்கள் வீட்டில் என்னமோ இருக்கிறது என்றால் என்ன இருக்கிறது? சனி, ஞாயிறில் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுவார்கள், கரண்டு குறைந்து வரும் என்று இவருக்குச் சந்தேகம். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். பலனில்லை. வெயிலில் தண்ணீர் சுடுகிறதோ என்று கீழ்த் தொட்டிக்கு ஒரு குட்டி மின்விசிறி வைத்தார். தீனியை மாற்றினார், குறைத்தார். ஒரு சனிக்கிழமை கரண்டு போய், மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கி நிறைந்து, கரண்டு திரும்பி வந்தபோது மட்டும் ஸ்கிம்மர் பொங்கி, கோப்பை வழிந்து, நான் தைத்து வைத்திருந்த யூனிபார்ம் கட்டு வரைக்கும் தண்ணீர் வந்தது. மற்றபடி வார இறுதி வந்தால் அது செத்த சவம்தான். இவர் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குமிழிகளையே பார்ப்பார். பொத்தான் பவளத்தில் இரண்டு மூன்று விரியாமலே கிடந்தன. அபுதாபியிலிருந்து போன் வந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்த மலையாளி சொல்லிவிட்டார். அதே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் டாக்டரம்மா மறுபடி வருவதாக இருந்தது.

ஒரு நாள் இவர் பரணில் ஏறிச் சூட்கேசை இறக்கினார். ஈரத் துணியால் துடைத்து, வாயைத் திறந்து வெயிலில் வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஸ்கிம்மரைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது.

எறியவில்லை. என் தொழிலில் ஒரு துணி சரியாக உட்காராவிட்டால் திட்டுவேன், பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பேன். மெஷினில் இருந்தபடியே நாள் முழுக்க அதைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதானே. தினமும் காலையில் கோப்பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, துணியில் கோடு போடுகிற சாக்கால் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். நிறைய இருந்தால் நீளக் கோடு, குறைந்தால் சின்னக் கோடு, ஒன்றுமில்லாவிட்டால் புள்ளி. மூன்று வாரம் போட்டேன். நீளம், நீளம், நீளம், நீளம், பிறகு புள்ளி, புள்ளி, சின்னது. ஒவ்வொரு வாரமும் அதே வரிசை. சனிக்கிழமையில் என்னமோ இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. என்ன என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். இவர் வந்து சேர்ந்த முதல் சனிக்கிழமையே நான் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிவிட்டேன். புறவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, உச்சந்தலையில் வைத்து, தோள், முதுகு, கை, விரல் இடுக்கு வரைக்கும் தேய்த்து விட்டேன். நாற்பது நாள் விடுமுறையில் கல்யாணம், சடங்கு, சொந்தக்காரர் வீடு என்று ஓடிவிடும். எண்ணெய் தேய்க்க ஒரு சனிக்கிழமை கூட ஒழுங்காகக் கிடைத்ததில்லை. இப்போது வாரா வாரம் கிடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் என்னென்னவோ பேசுவேன். பிறகு சீயக்காய், வெந்நீர், பூண்டு ரசம். சாப்பிட்டதும் இவருக்குக் கண் சொருகும். எண்ணெய் தேய்த்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது. சளி பிடிக்கும், உடம்புக்கு ஆகாது. அதனால் நான்தான் விரட்டுவேன். "தூங்காதிய. போயி தொட்டி வேலையாவது பாருங்க."

அவரும் எழுந்து போய்ப் பழைய தண்ணீரை எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்றி, கையை முழங்கைக்கு மேல் வரை விட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கு அன்று விளங்கவில்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை வந்தது. மறுநாள் டாக்டரம்மா வருகிறார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இவர் துண்டைக் கட்டிக்கொண்டு புறவாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஒரு கை வேலையை முடித்துவிடலாம் என்று, வாடிக்கைக்காரி ஒருத்தி பிரித்துப் பெரிதாக்கக் கொடுத்திருந்த பழைய ஜாக்கெட்டை எடுத்தேன். பின் கழுத்தில் தலை எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அப்படியே தைத்தால் மற்ற துணியிலும் ஒட்டும் என்று வாளித் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் சோப்பைப் போட்டேன். நுரைக்கவில்லை. மற்ற இடத்தில் நுரைக்கிறது, கழுத்தில் மட்டும் சோப்பு வழவழவென்று ஓடுகிறது. எண்ணெய் இருந்தால் நுரை வராது. இரண்டாம் தடவை போட்டால்தான் வரும். தலைக்குக் குளிக்கிற எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும்.

சோப்பு கையிலேயே நின்றது. ஈரக் கையோடு முன்னறைக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்து என் கோடுகளைப் பார்த்தேன். நீளம், நீளம், நீளம், நீளம், புள்ளி. திரும்பி அடுக்களைக்கு வந்து அடுப்பை அணைத்தேன்.

"எண்ணெய் காயலியா?" என்று அவர் குரல் கொடுத்தார்.

"இன்னைக்குக் கிடையாது. எனக்குக் கை வலிக்கு."

பொய். ஆனால் என்ன சொல்வது? நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம். சரியாக இருந்தால் அதைவிடக் கேவலம். இரண்டு மாதமாக ஓட்டலை, அண்ணாச்சியை, கரண்டை, இவரை என்று ஒருவர் பாக்கி இல்லாமல் திட்டியிருக்கிறேன். இவரை ஊரை விட்டு அனுப்பப் பார்த்தது, குளித்த பிறகும் இவர் கையில் ஊறி நிற்கிற என் எண்ணெய்தான் என்று எந்த வாயால் சொல்வது? அவர், "வலிச்சா வேண்டாம்" என்று எழுந்து சும்மா குளித்துவிட்டு வந்தார். கொஞ்சம் ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. சாப்பிட்டார். நான் விரட்டாமலே தொட்டி வேலைக்குப் போனார். வழக்கம்போல முழங்கைக்கு மேல் வரை கையை விட்டார்.

நான் மெஷினில் உட்கார்ந்து ஒரே தையலை இரண்டு முறை போட்டேன், இரண்டு முறை பிரித்தேன். கண் முழுக்க அந்த அலமாரியில். மூன்று மணிக்கு நுரை இருந்தது. நாலு மணிக்கு இருந்தது. ஐந்து மணிக்குக் கழுத்தில் ஏறிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தது. இவர் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஏளா, இங்க பாரு. இறங்கல" என்றார். நான், "ம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். வாசலிலேயே ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தண்ணீர் இருக்கிறதே தெரியாத மாதிரி கண்ணாடி தெளிந்து கிடந்தது. விரியாமல் முரண்டு பிடித்த பொத்தான்கள் கூட விரிந்திருந்தன. இவர் கோப்பையைக் கழற்றி, கறுத்த தண்ணீரைக் காட்டி, மூடியை மட்டும் திறக்காமல், இது எப்படி வேலை செய்கிறது என்று சொன்னார். டாக்டரம்மா என் தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு மீன்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். காபியை முழுசாகக் குடித்தார். எழுந்திருக்கும்போது, "என் ஹால்ல எந்தச் சுவருன்னு நாளைக்கு வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் போனதும் இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "மூணாவது ஸ்கிம்மர்தான் சரி. பழக நாளெடுத்திருக்கு. அண்ணாச்சிக்குச் சொல்லணும்."

"ஸ்கிம்மர் மூணும் சரிதான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜாக்கெட்டின் கழுத்து, சோப்பு, கதவில் போட்ட கோடு, கை வலி என்று சொன்ன பொய். சொல்லச் சொல்ல அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும்.

"ஓட்டல்ல நீளக் கையுறை போட்டுத்தான் கை விடணும்னு சட்டம்" என்றார். "பவளம் கையில பட்டு அரிக்கக் கூடாதுன்னு சொல்லுதாவன்னு நெனச்சேன். நம்ம வீட்டுல எதுக்குன்னு விட்டுட்டேன்."

"சரி, கையுறை போட்டிருந்ததால அங்கன உங்களுக்குத் தெரியல."

"இல்லட்டி. கையுறை கிழிஞ்ச நாளு, கெடைக்காத நாளு, எத்தனையோ தடவை வெறுங்கைய விட்டிருக்கேன். ஒரு நாளும் நுரை இறங்கினதில்ல. அதான் எனக்குக் கடைசி வரை தோணவே இல்ல." சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். "பதினோரு வருஷம் அங்கன எனக்கு யாரு எண்ணெய் தேச்சு விட்டா?"

எழுந்து அடுக்களைக்குப் போனேன். முந்தின நாள் காய்ச்சிய எண்ணெய் கிண்ணத்தில் அப்படியே இருந்தது, மிளகும் சீரகமும் அடியில் படிந்து. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கக் கூடாது என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"ஸ்டூல எடுத்துட்டு வாங்க. மூணு நாளைக்குத் தொட்டியில மட்டும் கை வைக்காதிய."

வந்து உட்கார்ந்தார். நான் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தேன். பாதியில் அவர் துண்டில் விரல்களைத் துடைத்துவிட்டு, தலையில் எண்ணெய் வழிய வழிய அபுதாபிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார்.